குடிலும் வெண்திரையும்

மார்கழிப் பனி இறங்கத் தொடங்கியதும் நம் இல்லங்களில் இரண்டு ஏற்பாடுகள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தொடங்கிவிடுகின்றன. ஒன்று, பாலாற்று மணலும் வைக்கோலும் கொணர்ந்து குடில் அமைப்பது. மற்றொன்று, இவ்வாண்டு விழா நாளில் என்ன படம் பார்க்கலாம் என்று பிள்ளைகள் கூடிப் பேசுவது. முன்னதைப்பற்றி நம் இதழ்களில் ஆண்டுதோறும் எழுதுகிறோம். பின்னதைப்பற்றி எழுதுவதற்கு ஏனோ கூச்சப்படுகிறோம். ஆயினும், நள்ளிரவுத் திருப்பலி முடிந்து, முறுக்கும் அதிரசமும் அண்டை வீடுகளுக்குக் கொடுத்தனுப்பி, பகலுணவும் உண்டு களைத்தபின் குடும்பம் முழுவதும் ஒன்றாய் அமர்ந்து செய்யும் செயல் இன்று பெரும்பாலும் படம் பார்ப்பதுதான். குடும்பம் ஒன்றுகூடும் இடம் எதுவோ அதைக் குறித்துச் சிந்திப்பது தகாததன்று.

திரைப்படம் என்றாலே உலகப் பற்று என்று முகம் சுளிக்கும் பெரியோர் சிலர் இன்றும் நம்மிடையே உளர். அவர்களுக்கு நாம் ஒரு வரலாற்றைச் சொல்ல விரும்புகிறோம். தமிழ்நாட்டில் படக்காட்சியை ஊர் ஊராய்க் கொண்டுசென்ற முதல் தமிழர் ஒரு கிறிஸ்தவர். அவர் கையிலெடுத்துச் சென்ற படமோ இயேசுவின் வரலாறு!

கோவையில் 1883-ஆம் ஆண்டு பிறந்த சாமிக்கண்ணு வின்சென்ட், திருச்சியில் தென்னிந்திய இரயில்வேயில் வரைபடம் தீட்டும் அலுவலில் இருந்தவர். 1905-ஆம் ஆண்டில் டுபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரர் படம் காட்டும் கருவியோடு திருச்சிக்கு வந்தார். வந்த இடத்தில் நோயுற்று, தாயகம் திரும்ப எண்ணிக் கருவியையும் படச் சுருள்களையும் விற்க முன்வந்தார். விலை ஏறக்குறைய இரண்டாயிரம் ரூபாய். ஓர் எளிய இரயில்வே ஊழியருக்கு அந்நாளில் அது எத்துணைப் பெரிய தொகை என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம். வின்சென்ட் எவ்வாறோ பணம் திரட்டி வாங்கினார், அலுவலைத் துறந்தார், கூடாரம் ஒன்றைச் சுமந்துகொண்டு புறப்பட்டார். மதுரை, சென்னை என்று தொடங்கிய பயணம் வடக்கே லாகூர், பெஷாவர் வரை நீண்டது. இறுதியில் 1914-இல் கோவைக்குத் திரும்பி ‘வெரைட்டி ஹால்’ என்னும் நிலையான அரங்கைக் கட்டினார். 1942-இல் இறந்தார்.

அவர் காட்டிய படங்களில் முதன்மையானது இயேசுவின் வாழ்வையும் பாடுகளையும் பற்றியது. மாட்டுத்தொழுவமும், ஞானியர் மூவரும், எகிப்துக்கு ஓடிப்போகும் திருக்குடும்பமும் அசைந்தாடும் உருவங்களாய்த் துணியில் தோன்றியபோது, அதுவரை பீடத்துச் சுரூபங்களையும் சித்திரங்களையும் மட்டுமே கண்டிருந்த நம் முன்னோர் எப்படி வியந்திருப்பர்! பேச்சு இல்லாத காலமாகையால் திரையருகே ஒருவர் நின்று காட்சியை உரத்த குரலில் விளக்கிச் சொல்வது வழக்கம். ஏறக்குறைய நம் உபதேசியார் செய்யும் வேலை.

இதனோடு இன்னொரு செய்தியும் சேர்த்து நினைக்கத்தக்கது. இந்தியத் திரைப்படத்தின் தந்தை எனப் போற்றப்படும் தாதா சாகேப் பால்கே பம்பாயில் இயேசுவின் வாழ்க்கைப் படம் ஒன்றைக் கண்ட பின்னரே, நம் நாட்டுப் புராணங்களையும் இவ்வாறு படமாக்கலாமே என்று உந்தப்பெற்றார். அது நடந்தது 1910-இன் கிறிஸ்துமஸ் காலத்தில் என்று சிலரும், 1911-இன் உயிர்ப்பு விழாவை ஒட்டி என்று வேறு சிலரும் எழுதுவர். எப்படியாயினும் 1913-இல் வெளிவந்த ‘ராஜா ஹரிச்சந்திரா’வுக்கு விதை அங்கேதான் விழுந்தது.

பேசும் படம் வந்தபின் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் தம்முடையது என்று உரிமை கொண்டாடிய முதற் பெரும்படம் ‘ஞான சௌந்தரி’. சிற்றன்னையின் சூழ்ச்சியால் காட்டுக்கு அனுப்பப்பட்டு, இரு கைகளும் வெட்டப்பட்ட அரசகுமாரி, தேவமாதாவின் அருளால் கைகளைத் திரும்பப் பெறும் கதை. ஐரோப்பாவில் பல நாடுகளில் வழங்கிய பழங்கதை ஒன்று தமிழ் மண்ணுக்கு வந்து, தெருக்கூத்தும் நாடகமுமாக ஊறி, முழுத் தமிழ்க் கதையாகவே மாறிவிட்டது. 1948-இல் இதனை இரு நிறுவனங்கள் போட்டியிட்டுப் படமாக்கின. எஸ். எஸ். வாசனின் ஜெமினி நிறுவனம் ஒருபுறம். ஜோசப் தளியத்தின் சிட்டாடல் நிறுவனம் மறுபுறம். பணமும் புகழும் ஜெமினியிடம் இருந்தன. மக்கள் நெஞ்சில் நின்றதோ எஃப். நாகூர் இயக்கத்தில் எம். வி. ராஜம்மாவும் டி. ஆர். மகாலிங்கமும் நடித்த சிட்டாடல் படம். தம் படம் எடுபடாமை கண்ட வாசன் அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

சிட்டாடல் படத்தின் வெற்றிக்குக் காரணம் ஒரு மன்றாட்டுப் பாடல் என்றால் மிகையாகாது. சிறுமியாய் இருக்கும் சௌந்தரி தேவமாதாவை நோக்கிப் பாடத் தொடங்குகிறாள். பாட்டு முடிவதற்குள் அவள் பருவ மங்கையாகிவிடுகிறாள். சிறுமிக்குக் குரல் தந்தவர் ஜிக்கி. அப்போது அவரும் சிறுமியே. வளர்ந்தவளுக்குப் பாடியவர் பி. ஏ. பெரியநாயகி. இப்பாடலைத் திரைப்பாடல் என்று அறியாமலே மாதா கோவிலில் மனமுருகிப் பாடிய பாட்டிமார்கள் எத்தனையோ பேர். திரையிலிருந்து பீடத்துக்கு வந்த பாடல் அது. அதேபோல் ‘கண்ணே பாப்பா’ (1969) படத்தில் பி. சுசீலா பாடிய இயேசு பிறப்புப் பாடலும், ‘மின்சாரக் கனவு’ (1997) படத்தில் ஏ. ஆர். இரகுமான் இசையில் அனுராதா ஸ்ரீராம் பாடிய பாடலும் டிசம்பர் மாத ஒலிபெருக்கிகளில் நிலையான இடம் பெற்றுவிட்டன. இவற்றுள் எதுவும் கிறிஸ்தவர்களுக்கென எடுத்த படத்தில் வந்ததன்று என்பதை ஒரு நன்றியுணர்வோடு குறிப்பிடவேண்டும்.

‘அன்னை வேளாங்கண்ணி’ 1971-இல் வந்தது. கே. தங்கப்பன் இயக்கத்தில் ஜெமினி கணேசன், பத்மினி, ஜெயலலிதா, தேவிகா முதலியோர் நடித்தனர். பால் கொண்டுசென்ற சிறுவன், மோர் விற்ற கால் ஊனமுற்ற சிறுவன், புயலில் சிக்கிய போர்ச்சுகீசிய மாலுமிகள் ஆகிய மூன்று மரபுச் செய்திகளையும் செப்டம்பர் திருவிழாவுக்கு நடந்துசெல்லும் மக்கள் மனப்பாடமாய் அறிவர். அறிந்த கதையைத் திரையில் காண்பதில் தனி இன்பம் உண்டு. கலையளவில் அது சிறந்த படமா என்று கேட்டால், நாம் தயங்குவோம். அழுகைக் காட்சிகள் அளவுக்கு மிஞ்சியவை. ஆயினும் நோயாளி ஒருவர் உள்ள வீட்டில் அப்படம் ஓடும்போது அவ்வீட்டார் முகத்தைப் பார்த்தவர்கள் கலையளவைப்பற்றிப் பேசமாட்டார்கள்.

நடிகர் திலகம் சிவாஜி கணேசன் நம் மக்களுக்கு இரண்டு படங்களைத் தந்தார். 1983-இல் வந்த ‘வெள்ளை ரோஜா’வில் குருவானவராக நடித்தார். அதைவிட நம் மதிப்பில் உயர்ந்தது 1972-இல் வந்த ‘ஞான ஒளி’. பி. மாதவன் இயக்கம். காவலர் தேடிவர, வேறு பெயரில் வாழும் அந்தோணியின் கதையில் விக்டர் ஹியூகோவின் ‘ஏழை படும் பாடு’ சாயல் தெளிவாய்த் தெரியும். ஒரு மனிதன் தன் குற்றத்தைவிடப் பெரியவனாக ஆகமுடியுமா என்னும் வினா அதில் உண்டு. சிறையிலிருந்து மீண்ட மகனையோ சகோதரனையோ வீட்டில் சேர்க்கலாமா கூடாதா என்று தவிக்கும் குடும்பங்கள் நம் பங்குகளிலும் இருக்கின்றன. திரைப்படங்களில் கிறிஸ்தவர் என்றால் குடிகாரர், பாவாடையணிந்த நடனப்பெண், சிலுவை தொங்கவிட்ட அடியாள் என்று மலிவாய்க் காட்டிய காலத்தில், அந்தோணி போன்ற ஒரு மனிதரைக் காட்டியதற்காகவே அதனைப் போற்றலாம்.

இயேசுவின் வாழ்வைச் சொல்லும் படங்களில் நம் கிராமங்களுக்கு அணுக்கமாய் வந்தவை இரண்டு. தெலுங்கில் விஜயச்சந்தர் இயேசுவாக நடித்த ‘கருணாமயுடு’ 1978 டிசம்பரில் வெளிவந்து, ‘கருணாமூர்த்தி’ எனத் தமிழ் பேசியது. அதனை இயக்கியவர் ‘பாசமலர்’ தந்த ஏ. பீம்சிங். அவ்வாண்டு ஜனவரியிலேயே அவர் மறைந்துவிட்டதால் படம் வெளிவந்ததைக் காணும் பேறு பெறவில்லை. மற்றொன்று, லூக்கா நற்செய்தியை அடியொற்றி 1979-இல் வெளிவந்த ஆங்கிலப் படமான ‘ஜீசஸ்’. 2,000-க்கும் மேற்பட்ட மொழிகளில் குரல் மாற்றப்பெற்ற அப்படத்தைத் தமிழிலும் ஊர் ஊராய்க் காட்டினர். இவ்விரண்டில் எது சிறந்தது என்ற வழக்கு நம்மிடையே இன்றும் தீர்ந்தபாடில்லை. நம் கருத்தைக் கேட்டால் தெலுங்குப் படமே. அதன் இயேசு நம் தெருவில் நடந்து வரக்கூடியவர்; கண்ணீர் விடும்போது நம்மவர் விடுவது போலவே விடுகிறார்.

வாலாஜாபாத்தைச் சுற்றிய கிராமங்களில் இப்படங்களைக் கண்ட விதத்தை இளையோர் அறியவேண்டும். பதினாறு மில்லிமீட்டர் கருவி ஒன்று வாடகை வண்டியில் வரும். கோவில் மைதானத்தில் இரு மூங்கில்களுக்கிடையே வெள்ளைத் துணி கட்டப்படும். மின்சாரம் எப்போது போகுமோ என்ற கவலை பொறுப்பாளர் முகத்தில் எழுதியிருக்கும். துணியின் முன்புறம் இடமில்லாதவர்கள் பின்புறம் சென்று அமர்வர். அங்கிருந்து பார்த்தால் எல்லாம் இடம்வலம் மாறித் தோன்றும். ஆண்டவர் இடக்கையால் ஆசீர் வழங்குவார்! அதற்காக யாரும் எழுந்து போனதில்லை. ஒரு சுருள் முடிந்து மறுசுருள் மாட்டும் இடைவெளியில் வேர்க்கடலை விற்பனை நடக்கும். பங்கு மக்கள் மட்டுமல்லர், ஊரே வந்திருக்கும். மாரியம்மன் கோவில் தெருவினரும் பள்ளிவாசல் தெருவினரும் அருகருகே பாய் விரித்திருப்பர். ஊரும் சேரியும் ஒரே துணியை நோக்கி ஒரே தரையில் அமர்ந்த இரவுகள் நம் நாட்டில் மிகுதியாய் இருந்ததில்லை. ஆகவே அந்த இரவுகளை நாம் அற்பமாய் எண்ணுவதற்கில்லை.

பின்னர்த் தொலைக்காட்சி வந்தது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. வாலாஜாபாத்தில் கூரைமேல் ஏறி, ஆண்டெனாவை வடகிழக்கே சென்னைப் பக்கம் திருப்பித் திருப்பி, “இப்போது தெரிகிறதா?” என்று மேலிருந்து கூவுவதும், “போச்சு, போச்சு!” என்று கீழிருந்து பதில் வருவதும் விழாக்கால ஓசைகளாயின. எண்பதுகளில் வீடியோ டெக் வாடகைக்குக் கிடைத்தது. பெட்டியும் டெக்கும் மூன்று கேசட்டுகளும் ஓர் இரவுக்கு. நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து பணம் போடும். பெரியோர் பக்திப் படம் கேட்பர். இளைஞர் இரஜினி படம் கேட்பர். முதற்படம் சாமிப் படம், அடுத்த இரண்டும் அவர்கள் விருப்பம் என்று உடன்படிக்கை ஏற்படும். மூன்றாம் படம் முடியும்போது கோழி கூவும்.

2006-க்குப் பின் அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி குடிசைகளுக்கும் வந்தது. ஏழைக்கு அது ஒரு மரியாதை. அதனைக் குறைகூற நமக்கு மனமில்லை. ஆனால் மைதானத்திலிருந்து தெருவுக்கும், தெருவிலிருந்து வீட்டுக்கும் சுருங்கிய கூட்டம், இன்று கைபேசியால் ஆளுக்கொரு மூலையாய்ச் சிதறிவிட்டது. வண்டலூர் சாலையில் ஒரகடத்து ஆலைகளுக்கும், திருப்பெரும்புதூருக்கும் முறைப்பணிக்குச் செல்லும் பிள்ளைகள் நம் வீடுகளில் பலர். ஒருவன் இரவுப் பணி முடித்துக் காலையில் வருகிறான். மற்றொருத்தி மதியம் புறப்படவேண்டும். எல்லோரும் விழித்திருந்து ஒரே கூரையின்கீழ் இருக்கும் நேரம் விழா நாளன்றும் மூன்று மணியளவே கிடைக்கின்றது. அந்த மூன்று மணியை ஆளுக்கொரு திரையில் கழிப்பதா என்பதே இப்போதுள்ள கேள்வி.

பிள்ளைகள் இன்று விரும்புவது மேல்நாட்டுக் கிறிஸ்துமஸ் படங்களை. பனிக்கட்டி, புகைக்கூண்டு, கலைமான் வண்டி, பரிசு மூட்டை. பெத்லகேமுக்கு அவற்றில் இடம் குறைவுதான். வாலாஜாபாத் பிள்ளை பஞ்சை ஒட்டிப் பனியாக்குவதில் தவறேதும் இல்லை என்றாலும், பரிசு தராத கிறிஸ்துமஸ் கிறிஸ்துமஸே அன்று என்று அவன் எண்ணத் தொடங்கினால், கூலி வேலைக்குச் செல்லும் தந்தையின் நிலை என்னாவது? எனினும் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுக் கழிக்கவேண்டாம். வீட்டில் தனித்து விடப்பட்ட சிறுவன் திருடரை விரட்டும் ‘ஹோம் அலோன்’ (1990) படத்தைக் கண்டு பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பர். அதில் ஒரு காட்சி உண்டு. விழா முந்தின இரவு கோவிலில், ஊரார் அஞ்சி விலகும் முதியவர் ஒருவர் அச்சிறுவன் அருகே வந்தமர்ந்து, மகனோடு பேசாதிருக்கும் தம் துயரைச் சொல்கிறார். அவ்விடத்தில் படத்தை ஒரு நிமிடம் நிறுத்தி, நம் உறவில் யாரோடு பேச்சு நின்றிருக்கிறது என்று பிள்ளைகள் கேட்டுவிட்டால், பெற்றோர் விடை சொல்ல ஆயத்தமாய் இருக்கவேண்டும்.

பெரியோரும் வளர்ந்த பிள்ளைகளும் சேர்ந்து பார்க்க நாம் பரிந்துரைப்பது ஃபிராங்க் காப்ரா இயக்கிய ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’. 1946-இல் வெளிவந்தபோது இது பெரிய வெற்றி பெறவில்லை. 1974-இல் அதன் உரிமையைப் புதுப்பிக்கத் தவறியதால் அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்கள் கட்டணமின்றி ஆண்டுதோறும் ஒளிபரப்பின. அதனாலேயே மக்கள் படமாயிற்று. காப்ரா சிசிலியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஏழைக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. திரைப்பட நூற்றாண்டையொட்டி வத்திக்கான் 1995-இல் வெளியிட்ட 45 படங்களின் பட்டியலிலும் இது இடம்பெற்றது. அப்பட்டியலில் ‘பென்ஹர்’ உண்டு, ‘காந்தி’ உண்டு. வின்சென்ட் காலத்துப் பழைய பிரெஞ்சுப் பேசாப்படமான இயேசுவின் பாடுகளும் உண்டு.

கதை இதுதான். சிற்றூரில் எளியோருக்கு வீடு கட்டக் கடன் தரும் சிறு நிறுவனம் ஒன்றை ஜார்ஜ் பெய்லி நடத்துகிறான். கல்லூரிக் கனவு, வெளிநாட்டுக் கனவு யாவற்றையும் குடும்பத்துக்காகவும் ஊருக்காகவும் ஒத்திவைத்தவன். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், மறதிக்காரச் சித்தப்பாவின் கையிலிருந்து 8,000 டாலர் தவறிவிடுகிறது. கணக்காய்வாளர் வந்துவிட்டார். சிறை நிச்சயம். வீட்டுக்கு வரும் ஜார்ஜ், பியானோ பழகும் மகளைக் கத்துகிறான், மனைவியிடம், ஏன் இத்தனை பிள்ளைகள் என்று கேட்கிறான், பொருள்களை உதைக்கிறான், பின் பாலத்தின்மீது போய் நிற்கிறான்.

காஞ்சிப் பக்கத்துத் தறிக்குடும்பங்களுக்கும், சீட்டுப் பிடித்து ஏமாந்தோருக்கும், மகளிர் குழுக் கடனின் தவணை நாள் விழா வாரத்திலேயே விழுந்தோருக்கும் இக்காட்சிக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. புத்தாடைக்கும் வெடிக்கும் கடன் வாங்கிவிட்டு, டிசம்பர் 24 மாலை காரணமின்றிப் பிள்ளையை அடித்த தந்தைமார் நம்மிடையே இல்லையா? ஜார்ஜைக் காப்பாற்றுவது வானதூதர் என்று பலர் நினைக்கின்றனர். வானதூதர் செய்வது, அவன் பிறவாதிருந்தால் ஊர் எப்படி இருந்திருக்கும் என்று காட்டுவது மட்டுமே. பணம் அதனால் வந்துவிடவில்லை. பணத்தைக் கொண்டுவருவோர் அண்டை வீட்டார்; அவர்களிடம் போய்ச் சொன்னவள் அவன் மனைவி மேரி. அவன் வெட்கப்பட்டு மறைத்ததை அவள் நான்கு பேரிடம் சொன்னாள். கடனை மனைவியிடம் மறைக்கும் கணவரும், கணவரிடம் மறைக்கும் மனைவியரும் இப்படத்தைச் சேர்ந்து பார்த்தபின், படத்தைப்பற்றி மட்டும் பேசிக்கொண்டிருக்க முடியாது என்றே கருதுகிறோம்.

ஆங்கிலம் விளங்காத பாட்டிக்கு என்ன செய்வது என்பீர்கள். கல்லூரி செல்லும் பேரனோ பேத்தியோ அருகிலமர்ந்து காட்சிக்குக் காட்சி சொல்லட்டும். வின்சென்ட் கூடாரத்தில் அப்படித்தான் நடந்தது. பேரன் பாட்டியிடம் தொடர்ந்து இரண்டு மணி நேரம் பேசுவதற்கு வேறு எந்த வாய்ப்பு அவ்வாண்டில் கிடைத்தது என்று கேட்டுப் பாருங்கள்.

குடிலின் கதையையே காண விழைவோர்க்கு 2006-இல் வந்த ‘தி நேட்டிவிட்டி ஸ்டோரி’ உண்டு. அவ்வாண்டு நவம்பர் 26 அன்று வத்திக்கானின் ஆறாம் பவுல் அரங்கில் முதற்காட்சி நடைபெற்றது. அங்கு முதற்காட்சி கண்ட முதற் கதைப்படம் அதுவே. அன்னை மரியாவைவிடப் புனித சூசையப்பரே அதில் நம் மனத்தைக் கவர்கிறார். கழுதையை நடத்தியபடி, தம் பங்கு உணவையும் குறைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் நடக்கும் ஓர் இளந்தச்சர். வேலை தேடி நடக்கும் நம் பிள்ளைகளின் வயதுதான் அவருக்கும்.

நடைமுறைக்குச் சில சொற்கள். என்ன படம் என்பதை நான்காம் வாரத் திருவருகைக் காலத்திலேயே குடும்பமாய் முடிவுசெய்துவிடுங்கள். விழா மாலையில் தொடங்கினால் சண்டையில் முடியும். டிசம்பர் 24 இரவு படம் வேண்டாம், அவ்விரவு கோவிலுக்குரியது. பிறந்த நாள் மாலையோ, திருக்குடும்ப விழா ஞாயிறோ ஏற்றது. இளைஞர் இயக்கத்தார் மனம்வைத்தால், இப்போது எளிதாய்க் கிடைக்கும் படவீழ்த்தியை வாடகைக்கு எடுத்து, எண்கிழமைக்குள் ஓரிரவு கோவில் மைதானத்தில் பழையபடி துணி கட்டலாம். மாரியம்மன் கோவில் தெருவுக்கும் பள்ளிவாசல் தெருவுக்கும் நேரில் போய் அழைப்புச் சொல்லவேண்டும். ஒலிபெருக்கி அறிவிப்பு போதாது. தனித்து வாழும் முதியோரை வண்டியனுப்பி அழைத்து வரவேண்டும்.

முதல் இரவுக்கு எப்படம் என்று கேட்போர்க்கு: சிட்டாடலின் ‘ஞான சௌந்தரி’ இணையத்தில் காணக் கிடைக்கிறது. படம் சற்று நீளம், பனியும் இறங்கும். சிறு பிள்ளைகள் சௌந்தரிக்குக் கை வருமுன்பே உறங்கிவிடுவர். முன்வரிசையில் பாயும் போர்வையும் முன்னதாகவே போட்டு வைப்பது நலம்.